கேட்டில் நின்ற கண்டக்டர்

கவினு, யாழினி, ரெண்டு பேரும் போனைச் சித்த நேரம் கீழே வைத்துவிட்டு இதைப் படியுங்கள்.

கோயமுத்தூரில் பெரிய பெரிய ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த டாக்டர்கள் இருக்கிறார்கள். வயிற்றைத் திறப்பதற்கும் மூடுவதற்கும் ஆளுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் மூடிய வயிற்றோடு வீட்டுக்கு வந்த ஆளைச் சொந்தபந்தங்களிடமிருந்து காப்பாற்றுவதற்கு இந்த ஜில்லாவிலேயே ஒரே ஒருத்தர்தான் இருந்தார். அவர் டாக்டர் இல்லை. கம்பவுண்டர்கூட இல்லை. பஸ் கண்டக்டர்.

நாம் அப்போது பீளமேட்டில் ஒரு காம்பவுண்டு லைன் வீட்டில் குடியிருந்தோம். வரிசையாகச் சின்னச் சின்ன வீடுகள், எல்லோருக்கும் ஒரே கேட்டு, ஒரே தண்ணீர்க் குழாய். கேட்டை ஒட்டிய முதல் வீடு கண்டக்டருடையது. கேட்டுக்கு நேராகப் பார்த்தபடி இருந்த கடைசி வீடு நம்முடையது. மேட்டுப்பாளையம் ரூட்டில் தனியார் பஸ்ஸில் காலமெல்லாம் ஓடி, முழங்கால் தேய்ந்து, அவர் வேலையை விட்டிருந்தார். வேலை அவரை விடவில்லை. தோல் பை எப்போதும் கக்கத்தில் இருக்கும். கழுத்தில் விசில் தொங்கும். எங்கே நின்றாலும் ஒரு கையால் எதையாவது பிடித்துக்கொண்டுதான் நிற்பார். ஜன்னல் கம்பி, கொடிக்கயிறு, ஒன்றும் கிடைக்காவிட்டால் பக்கத்தில் இருப்பவரின் தோள். இந்தப் பூமி எந்த நேரத்திலும் பிரேக் போடும் என்பது அவருடைய எண்ணம்.

கல்யாண மண்டபத்தில் பந்திக்கு முட்டி மோதும் கூட்டத்தைப் பார்த்தால் அவருக்குக் கை பரபரக்கும். "முன்னாடியெல்லாம் காலியா கெடக்குது, உள்ள போங், உள்ள போங்" என்று ஆரம்பித்துவிடுவார். மாப்பிள்ளை வீட்டார் அவரைப் பெண் வீட்டுப் பெரியவர் என்று நினைப்பார்கள். பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் என்று நினைப்பார்கள். இரண்டு பக்கமும் மரியாதை வாங்கிக்கொண்டு வருவார்.

அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. அவருக்கும் எங்கள் பெயர் எதுவும் தெரியாது. வீடுகள் எல்லாம் அவருக்கு ஸ்டாப்புகள். நாம் கடைசி ஸ்டாப்பு. உங்கள் அம்மா கடைசி ஸ்டாப்பு அம்மணி.

இதெல்லாம் சாதாரண நாட்களில். காம்பவுண்டில் யாருக்காவது ஆபரேஷன் என்று தெரிந்தால் அவர் டூட்டிக்கு வந்துவிடுவார். கூப்பிட வேண்டியதே இல்லை. வேண்டாம் என்று சொன்னாலும் போகமாட்டார்.

மூன்றாவது வீட்டுத் தையல்கார பாய்க்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தபோதுதான் நான் அதை முதலில் பார்த்தேன். காலையில் பாய் மெதுவாகக் கக்கூஸுக்குக் கிளம்புவார். பின்னாலேயே கண்டக்டர். "வாங் பாய், வாங், வாங்... லெப்ட்ல சித்தெ ஒடிங்... படி வருது, ஹோல்டான்!" ஒரு விசில். பாய் நிற்பார். "குனியாதீங். கம்பியப் புடிச்சுட்டு நேரா எறங்குங். ம், போலாம்!" இரண்டு விசில். பாய் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு போவார். அவர் எப்போது போகிறார், எவ்வளவு நேரத்தில் திரும்புகிறார் என்பதெல்லாம் காம்பவுண்டு முழுக்கத் தெரிந்த விஷயம் ஆகிவிட்டது.

"ஏன் கண்டக்டரே, உள்ளயும் வாரீங்களா?" என்று ஒருநாள் பாய் பொறுக்க முடியாமல் கேட்டார். கண்டக்டர் பதறிப்போனார். "அது டிரைவர் சீட்டுங் பாய். நான் வரப்படாதுங்."

பாய் தையல் பிரியாமல் நல்லபடியாகத் தேறி, மிஷினில் உட்கார்ந்தார். ஆனால் வெகுநாள் வரைக்கும், தெருவில் எந்த டிராபிக் போலீஸ் விசில் ஊதினாலும் நின்றுவிடுவார்.

அப்புறம் நம் வீட்டு முறை வந்தது. உங்கள் அம்மாவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி, எடுத்தாக வேண்டும் என்றார்கள். எடுத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா என்னை நிறுத்திச் சொன்னார்: "இவ்வளவு நாளும் நாங்க பாத்துட்டோம். இனி ஊட்லதான் பத்திரமா இருக்கோணும். குனியக்கூடாது, வெயிட் தூக்கக்கூடாது. தையல்கிட்ட கசிவு, செவப்பு, இல்லீன்னா காய்ச்சல், எது வந்தாலும் அப்பவே கூட்டிட்டு வந்துருங்க. நாளைக்குப் பாத்துக்கலாம்னு மட்டும் இருந்துராதீங்க."

நான் தலையாட்டினேன். எனக்குப் பின்னால் நின்ற கண்டக்டரும் தலையாட்டினார். அவரை ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டி வந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஆட்டோவில் டிரைவர் பக்கத்தில் அவர்தான் உட்கார்ந்தார். உங்கள் அம்மா மடியில் ஒரு தலையணை. வேகத்தடை வரும்போதெல்லாம், "அம்மணி, தலகாணியப் புடிச்சு வயித்தோட அணைச்சுக்குங்... மெதுவா, மெதுவா, ஏறு... ஹோல்டான்... எறக்கு" என்று அவர் ஓட்டிய ஓட்டில், அவினாசி ரோட்டில் நமக்குப் பின்னால் வந்த வண்டிகள் விமான நிலையம் வரைக்கும் நின்றிருக்கும். ஹாரன் அடித்தவர்களைப் பார்த்து வெளியே கையை நீட்டி, "பெரிய வண்டி வருதுங், பொறுங்" என்றார். உங்கள் அம்மாவுக்குக் கோபம். அப்போது அவளுக்கு உடம்பு கொஞ்சம் பூசினாற்போல இருக்கும்.

நம் ஊர்ப் பழக்கம் உங்களுக்குத் தெரியும். ஒருத்தர் படுத்துவிட்டால் போய்ப் பார்த்தாக வேண்டும். பார்க்காமல் விட்டால் அடுத்த விசேஷத்தில் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். இது வருகிறவர்களின் பழக்கம். படுத்திருப்பவருக்கும் ஒரு பழக்கம் உண்டு. வந்தவரை வெறும் வாயோடு அனுப்பக்கூடாது. "வாங்க, காப்பி சாப்டுங்க" என்று நாக்கு தானாகச் சொல்லிவிடும். நாக்கு சொன்ன பிறகு உடம்பு தானாக எழுந்துகொள்ளும். உங்கள் அம்மா மயக்க மருந்து தெளிந்து கண் விழித்ததும் நர்ஸிடம் கேட்ட முதல் கேள்வி, "சாப்டீங்களா சிஸ்டர்?"

இந்த இரண்டு பழக்கங்களுக்கும் நடுவில்தான் கண்டக்டர் போய் நின்றார்.

கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பக்கெட், ஒரு மக்கு, ஒரு சிவப்புச் சோப்பு. சோப்பை யாரும் கையோடு கொண்டுபோய்விடக் கூடாது என்று அதில் ஓட்டை போட்டு, சணல் கயிறு கோத்து, கேட்டுக் கம்பியில் கட்டியிருந்தார். கை கழுவாமல் யாரும் உள்ளே வர முடியாது. நம் வீட்டுக்குள் மூன்றே மூன்று நாற்காலி, அதுவும் கட்டிலுக்கு எட்டாத தூரத்தில். நாலாவது ஆள் வந்தால் முதல் ஆள் இறங்க வேண்டும். வாசலில் நின்று எட்டிப் பார்த்தால், "புட்போர்டுல நிக்காதீங்" என்று விசில் வரும்.

பேச்சுக்கும் விதி இருந்தது. ஆபரேஷன் கதை சொல்லக்கூடாது. "எங்க அண்ணன் ஊட்டு நங்கைக்கும் இப்பிடித்தான் தையல் போட்டு, அப்பறம் பாத்தா..." என்று ஒரு அக்கா ஆரம்பித்தார். பாத்தா என்ன ஆச்சு என்று அந்தக் கதையை இன்றுவரை நாங்கள் கேட்கவில்லை. விசில் முந்திக்கொண்டது. சிரிக்க வைக்கவும் கூடாது. நான் வேலை பார்த்த பட்டறையிலிருந்து வந்த பையன்கள் ஏதோ ஒரு நையாண்டி செய்ய, அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். மூன்று பேரையும் நடுவழியில் இறக்கிவிட்டார்.

காப்பியை அவரே பொறுப்பெடுத்துக்கொண்டார். தன் வீட்டில் போட்டு, பிளாஸ்கில் ஊற்றி, கேட்டிலேயே வைத்துக் கொடுத்துவிடுவார். அந்தக் காப்பியைக் குடித்த யாருக்கும் வீட்டுக்குள் போய் இன்னொரு காப்பி கேட்கத் தைரியம் வந்ததில்லை.

கடைசியாக மணி. தையல் போட்ட வயிற்றோடு சத்தம் போட்டுக் கூப்பிட முடியாது, எழுந்தும் வர முடியாது. அதனால் ஒரு கன்றுக்குட்டி மணியை வாங்கி நம் வாசலில் கட்டி, அதன் கயிற்றை ஜன்னல் வழியாக அம்மாவின் கட்டிலுக்கு விட்டார். "அம்மணி, ஒரு இழுப்பு இழுத்தா வண்டி நிக்கோணும். ரெண்டு இழுப்புன்னா போலாம். அவ்வளவுதானுங், காரணமே சொல்ல வேண்டாம்." காலையில் வாசலில் நின்று ஸ்டாப்பு பெயர் சொல்வதுபோல ஏலம் போடுவார்: "கடைசி ஸ்டாப்பே! காய்ச்சல்... கசிவு... செவப்பு... யாராச்சும் இருக்கீங்களா?" உள்ளேயிருந்து இரண்டு தடவை மணி அடிக்கும். "ரைட்!" என்று போய்விடுவார். கவினு, நீ அந்தக் கயிற்றில் தொங்கி விளையாடி அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது உனக்கு ஞாபகம் இருக்கும்.

எனக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. பட்டறை முதலாளியே ஒருநாள் பார்க்க வந்தார். அவரையும் கண்டக்டர் குந்த வைத்து முழங்கை வரை கழுவச் சொன்னார். அவர் போனதும் நான் நேராகக் கேட்டுக்குப் போனேன்.

"ஏனுங்ணா, மானம் போகுதுங்ணா. வாரவங்க எல்லாம் வேண்டியவங்க. இப்பிடியா நிறுத்தறது?"

அவர் பிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டே சொன்னார்: "எங்கூட்டு அம்மணிக்கும் இதே ஆப்ரேசன்தானுங் தம்பி. நெம்ப வருசமாச்சு. ஒறம்பரைங்க பாக்க வந்தாங்க. இவ எந்திரிச்சுக் காப்பி வெச்சுக் குடுத்துப்போட்டா. பத்தலைன்னு மறுக்காவும் அடுப்புல தண்ணிப் போசியத் தூக்கி வெச்சிருக்கறா. நான் மேட்டுப்பாளையம் ட்ரிப்புல இருந்தனுங்." கொஞ்ச நேரம் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். அது எப்போதோ இறுகிவிட்டது. "வந்தவங்க எல்லாருமே நல்ல மனுசங்கதானுங் தம்பி."

நான் பக்கெட்டில் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வெள்ளகோவிலிலிருந்து உங்கள் அம்மாவின் பெரியப்பா வந்தார். தனியாக வரவில்லை. ஒரு வேன் நிறைய வந்தார்கள். வாழைத்தார், இளநீர்க் குலை, முறுக்கு டின், ஒரு சேவல். சேவலைக் கண்டக்டர் கேட்டிலேயே இறக்கிவிட்டார். அதற்குக் கை கழுவ வழியில்லை.

பெரியப்பாவுக்கு வெள்ளகோவிலில் எண்ணெய் ஆலை. அவர் வந்தால் ஆட்கள் எழுந்து நிற்பார்களே தவிர, அவரை யாரும் நிறுத்தியதில்லை.

"ஏனுங், கை கழுவிட்டு மூணு மூணு பேரா வாங்" என்றார் கண்டக்டர்.

"யாரப்பா நீ? எங்க புள்ளயப் பாக்க நாங்க டிக்கெட் எடுக்கோணுமா?"

"டிக்கெட் வேண்டாமுங். சோப்பு போட்டா போதுமுங்."

"நான் இந்தக் கேட்டத் தாண்ட மாட்டேன்! மாப்பளைய வரச்சொல்லு!" பெரியப்பா பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்துகொண்டார். பெரியம்மா மூக்கைச் சிந்தினார். வேன் டிரைவர் இதுதான் சமயம் என்று கண்டக்டரின் காப்பியைக் குடித்துவிட்டு, முகம் மாறி நின்றான்.

உள்ளே உங்கள் அம்மா பெரியப்பா குரலைக் கேட்டுவிட்டாள். நான் அவர்களைச் சமாதானப்படுத்தக் கேட்டுக்கு ஓடியிருந்தேன். திறந்திருந்த கதவு வழியே திரும்பிப் பார்த்தால் அவள் கட்டிலில் இல்லை. சமையல்கட்டில், பால் பாத்திரத்தை எடுக்க முக்கால்வாசி குனிந்திருந்தாள். என்னைத் தாண்டி, கேட்டிலிருந்து ஒரு விசில் பறந்தது.

"ஹோல்டான்!"

அம்மா அப்படியே நின்றாள். நான் நின்றேன். பெரியப்பா வாயைத் திறந்தபடி நின்றார். கூவ ஆரம்பித்த சேவல்கூடப் பாதியில் நிறுத்தியது என்று பாய் இன்றைக்கும் சத்தியம் செய்வார்.

பெரியம்மாதான் முதலில் அசைந்தார். குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவிக்கொண்டு, நேராகப் போய் அம்மாவைப் பிடித்துக் கட்டிலில் உட்கார வைத்தார். அதன் பிறகு பெரியப்பாவும், யாரோ கட்டாயப்படுத்துகிறார்கள் என்ற முகத்தோடு, பக்கெட்டை நிமிர்த்திக் கை கழுவினார். அவர் கழுவிய கழுவலில் பாதிச் சோப்பு தீர்ந்தது. மூன்று நாற்காலியும் நிறைந்தது. மற்றவர்கள் வாசலில் நின்றார்கள். ஊர்க்கதை ஆரம்பித்தது. மழை, எண்ணெய் விலை, யார் வீட்டில் யாருக்குப் பெண் பார்க்கிறார்கள் என்பது. அம்மா தலையணையை அணைத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் சிரித்த முகத்தோடு, "ஆமாங்க பெரீப்பா", "அப்பிடீங்களா பெரீப்பா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்போது வாசலில் மணி அடித்தது. ஒரே ஒரு முறை.

நான் அம்மாவைப் பார்த்தேன். முகத்தில் அதே சிரிப்பு. கை மட்டும் கயிற்றில் இருந்தது.

கண்டக்டர் கேட்டிலிருந்து ஓடி வந்தார். அந்த முழங்காலை வைத்துக்கொண்டு அவர் ஓடியதை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. என்ன, ஏது என்று கேட்கவே இல்லை. "வண்டி நிக்குதுங். எல்லாரும் எறங்குங். பெரிய அம்மாவும் தம்பியும் மட்டும் இருங்" என்றார். பெரியப்பா ஏதோ சொல்ல வந்து, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, எழுந்து போனார்.

கதவைச் சாத்தியதும் அம்மா சொன்னாள்: "காலையிலிருந்தே தையல்கிட்ட ஈரமா இருக்குதுங்க. குளிர்ற மாதிரியும் இருக்குது. ஒறம்பரைங்க வாராங்களே, போனதுக்கு அப்பறம் சொல்லிக்கலாம்னு காலையில ரெண்டு இழுப்பு இழுத்துப்போட்டேன். இப்ப தாங்கல. பெரீப்பா முன்னாடி வாயத் தொறந்து என்னன்னு சொல்லட்டும்?"

பெரியம்மா நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். கொதித்தது.

வெள்ளகோவில் வேன்தான் ஆஸ்பத்திரிக்குப் போனது. பின் சீட்டில் பெரியம்மா மடியில் அம்மா, முன்னால் நான், படியில் கண்டக்டர். வழியெல்லாம் அவர் விசில் ஊதவில்லை. வேகத்தடை வரும்போது மட்டும் டிரைவர் தோளைத் தொட்டார். தையலில் சீழ் பிடிக்க ஆரம்பித்திருந்தது. சுத்தம் செய்து, மருந்து ஏற்றி, கொஞ்ச நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். "இன்னிக்கே வந்ததால மருந்தோட போச்சு. நாளைக்கு வந்திருந்தா மறுபடி பிரிச்சிருக்கணும்" என்றார் டாக்டரம்மா.

அம்மாவை இரண்டாம் தடவை வீட்டுக்குக் கூட்டி வந்தபோது கேட்டில் பெரியப்பா நின்றுகொண்டிருந்தார். ஊருக்கே போகவில்லையாம். வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சொந்தத் தம்பியையே மடக்கி, "சோப்புப் போடுடா. எங்கண்ணு முன்னாடி போடு" என்று அதட்டிக்கொண்டிருந்தார். அதன் பிறகு ஒரு வாரம் அவருக்கும் கண்டக்டருக்கும் ஒரே சண்டை. விசில் யாரிடம் இருப்பது என்று. கடைசியில் காலை ஷிப்டு இவர், சாயங்கால ஷிப்டு அவர் என்று பாய் பிரித்துக் கொடுத்தார். சேவல் மட்டும் யார் ஷிப்டிலும் மாட்டாமல் தப்பித்து, காம்பவுண்டில் வெகுநாள் வாழ்ந்தது.

அப்புறம் நாம் வீடு மாறினோம். கண்டக்டரும் மேட்டுப்பாளையத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அவருக்குப் பித்தப்பை ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்திருக்கிறார் என்று போன மாதம் பாய் போனில் சொன்னார். அம்மாவுக்கு அன்றைக்கு அவள் வேலைக்குப் போகும் கடையில் லீவு இல்லை. நான் மட்டும் பஸ் ஏறினேன்.

மகள் வீட்டுக் கேட்டு அகலத் திறந்து கிடந்தது. பக்கெட்டும் இல்லை, சோப்பும் இல்லை. நான் வாசல் குழாயில் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனேன். கூடம் நிறைய ஆட்கள். ரொட்டியும் ஆரஞ்சும் மேசை கொள்ளாமல் குவிந்திருந்தன. ஒருத்தர் கட்டிலிலேயே உட்கார்ந்து, யாருக்கோ தையல் பிரிந்த கதையைக் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். கண்டக்டர் சிரித்த முகத்தோடு, "அப்பிடீங்களா" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அட, கடைசி ஸ்டாப்பு தம்பி! வாங், வாங்! இருங், ஒரு வாய் காப்பி..." என்று ஒரு காலைக் கீழே போட்டு எழ ஆரம்பித்தார்.

"ஹோல்டான்!" என்றேன்.

எங்கிருந்து வந்தது அந்தச் சத்தம் என்று எனக்கே தெரியாது. கூடம் கப்பென்று அடங்கியது. கண்டக்டர் கீழே போட்ட காலோடு அப்படியே இருந்தார். அப்புறம் காலை மெதுவாக மேலே வைத்துக்கொண்டு, தலையணையை எடுத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டு சிரித்தார். "சிரிக்க வெக்காதீங் தம்பி. தையல் இருக்குதுங்."

எட்ட ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.

"கடைசி ஸ்டாப்பு அம்மணி எப்பிடி இருக்கறாங்?"

"நல்லா இருக்கறாங்ணா. உங்களக் கேட்டதாச் சொல்லச் சொன்னாங்க."

"குனியறாங்களா?"

"இப்பக் குனியலாமுங்ணா. வருசக்கணக்காச்சு."

"அதுவுஞ் சரிதான்" என்றார், நம்பிக்கை இல்லாமல்.

இன்னொரு ஆள் உள்ளே வந்ததும், கண்டக்டர் விதிப்படி நான் எழுந்துகொண்டேன். காப்பி குடிக்கவில்லை. மகளைத் தனியாகக் கூப்பிட்டு, காய்ச்சல், கசிவு, செவப்பு மூன்றையும் சொன்னேன். "டாக்டரும் சொன்னாருங்ணா. அப்பாதான் வாரவங்களப் போகச் சொல்லக்கூடாதுங்கறாரு" என்றது அந்தப் பெண்.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன். கோயமுத்தூர் வண்டி நின்றுகொண்டிருந்தது. ஏறாமல் பக்கத்துக் கடையில் ஒரு சிவப்புச் சோப்பும் கொஞ்சம் சணல் கயிறும் வாங்கிக்கொண்டு திரும்ப நடந்தேன். கேட்டில் யாரும் இல்லை. உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டது. வீட்டுச் சாவியால் சோப்பில் ஓட்டை போட்டு, கயிற்றைக் கோத்து, குழாய்க்குப் பக்கத்தில் கேட்டுக் கம்பியில் கட்டினேன். முடிச்சு நிற்குமா என்று ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தேன். நின்றது. இன்னொரு இழுப்பும் இழுத்துவிட்டுப் பஸ்ஸுக்குப் போனேன்.